சோர்வு குற்றமன்று

சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறுதல் மொழியின் இயல்பு. 'சோர்வு' என்னும் சொல்லை வள்ளுவர் 'சொல்வன்மை' அதிகாரத்தில் தவறுதல் என்னும் பொருளில் ஆள்கிறார். இன்று அதனை உடல், உள்ளத் தளர்ச்சிக்கு வழங்குகிறோம். ஆயினும் பழம்பொருள் முற்றும் மறைந்துவிடவில்லை. புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுபவர் உள்ள இல்லங்களில் அதனைக் காணலாம். அவரது சோர்வு, அவர் செய்த தவறாகவே பலராலும் எண்ணப்படுகிறது.

எம் மூத்த சகோதரியார் மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற மாதங்களில் இதனை யாம் அருகிருந்து கண்டோம். வைகறையில் எழுந்து வீட்டாரையெல்லாம் எழுப்பிய அவர், தண்ணீர்க் குவளையைத் தூக்கவும் கை தளர்ந்து அமர்ந்திருந்தார். "கட்டியைத்தான் அகற்றியாயிற்றே, இன்னும் ஏன் படுக்கை?" என்று வினவியோர் உண்டு. "மனத்தைத் தளர விடாதீர்கள், லாத்தா" என்று தேற்றியோரும் உண்டு. இரண்டும் அன்பிற் பிறந்த சொற்களே. இரண்டுமே அவருக்குச் சுமையாயின. "இரவெல்லாம் உறங்கி எழுந்தாலும் உறங்காதவள் போல் இருக்கிறேன், இதை எவரிடம் சொல்ல?" என்றார் ஒருநாள்.

அக்கூற்றிலேயே இச்சோர்வின் இலக்கணம் அடங்கியுள்ளது. வயலில் உழைத்தவர் களைப்பு உறக்கத்தால் தீரும். இஃது ஓய்வால் மட்டும் தீர்வதன்று. செய்த வேலையின் அளவைப் பொறுத்ததுமன்று.

இதற்குக் காரணங்கள் பல. கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை எலும்பு மச்சையைத் தாக்குவதால் சிவப்பணுக்கள் குறைந்து இரத்தசோகை உண்டாகிறது. மருந்து செலுத்திய சில நாட்களில் மிகும் சோர்வு, மெல்லத் தணிந்து, அடுத்த முறையில் மீண்டும் எழும். கதிர்வீச்சுச் சிகிச்சையிலோ அது வாரந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, சிகிச்சை முடிந்த பின்னும் பல வாரங்கள் நீடிக்கக்கூடும். குமட்டலால் உணவு குறைதல், வலி, உறக்கக்கேடு, தொற்று, வலிநீக்கும் மருந்துகள் சில தரும் மயக்கம், அச்சம், மனவாட்டம் ஆகியனவும் உடன்சேர்கின்றன. கழுத்தில் கதிர்வீச்சுப் பெற்றோர்க்குத் தைராய்டுச் சுரப்பு குறைந்தும் சோர்வு வரலாம். நாள்முழுதும் படுத்தே இருப்பின் தசைகள் மெலியும். சோர்வே சோர்வை வளர்க்கும்.

இவற்றுட் பல, கண்டறிந்து தீர்க்கத்தக்கவை. ஆதலின் மருத்துவரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும். சோர்வை 0 முதல் 10 வரை அளவிட்டுச் சொல்லுமாறு கேட்கும் முறையும் உண்டு. 4 அல்லது அதற்கு மேலாயின் காரணத்தை ஆராய்தல் வேண்டும் என்பர். எம் சகோதரியார் சொல்லத் தயங்கியதை அவர் மகள் சொன்னாள். இரத்தப் பரிசோதனையில் சோகை வெளிப்பட்டது. அதற்கு மருத்துவம் நடந்தது. மருத்துவர் அறிவுரைப்படி நாள்தோறும் முற்றத்தில் சிறிது நடந்தார். உடல் சற்றுத் தெளிந்திருக்கும் காலைப்பொழுதைத் தமக்கு விருப்பமான வேலைக்கென ஒதுக்கினார். சோர்வு அகன்றது என்று சொல்லமாட்டோம். அஃது அவரை ஆண்ட நிலை மாறிற்று.

சுற்றத்தார்க்கும் இதிற் பங்குண்டு. நலம் விசாரிக்கச் செல்வோர் நெடுநேரம் அமர்ந்து உரையாடுதல், நோயாளரின் எஞ்சிய வலிமையையும் கவர்ந்து செல்வதாகும். நோயுற்றோர் அமர்ந்தும், இயலாதபோது படுத்தும் தொழலாம் என்றும், நோன்பைப் பிறகு நோற்கலாம் என்றும் மார்க்கமே சலுகை தந்திருக்க, நாம் அவர்களிடம் கடுமை காட்டுதல் தகுமோ?

வள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளாக நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து பேணுபவரையும் 950ஆம் குறளில் எண்ணுகிறார். மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்தில் அந்த நான்காம் இடம் உங்களுக்கு வாய்க்கலாம். அன்று, "ஏன் சோர்ந்திருக்கிறீர்கள்?" என்று குறைகூறும் தொனியில் கேளாதீர், "எவ்வளவு சோர்வாக இருக்கிறது?" என்று கேளுங்கள், விடையை மருத்துவரிடம் கொண்டு சேருங்கள்.