மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

1903, அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். அடுத்துப் பேச எழுந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல். வயது 42. பேச வந்தவர், கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லையாம்!

நேரே கரும்பலகைக்குப் போனார். 67 இரண்டுகளைப் பெருக்கி, வந்த விடையில் 1-ஐக் கழித்தார். 147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாகத் தானியம் கேட்ட கதை தெரியும்தானே? அந்தப் பலகைக்கு இன்னும் மூன்று கட்டங்கள் கூடுதலாக இருந்தால், மொத்தத் தானியம் இவ்வளவுதான்.

பிறகு பலகையின் காலியிடத்தில் 193707721, 761838257287 என்ற இரண்டு எண்களை எழுதி, பள்ளிப் பிள்ளை போல வரிவரியாகப் பெருக்கினார். அதே 21 இலக்கங்கள்! சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினார். அரங்கத்தில் பலத்த கைதட்டல். கணித அறிஞர் எரிக் டெம்பிள் பெல் எழுதி வைத்த கதை இது.

ஒரு பெருக்கல் கணக்குக்கா இத்தனை கைதட்டல்?

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-ல் வெளியிட்ட பட்டியலில், இந்த எண்ணை எதனாலும் வகுபடாத பகா எண் என்று சேர்த்திருந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே நின்றது. 1876-ல் லூகாஸ் அது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால், எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பூட்டு திறக்கும் என்று தெரியும், சாவிதான் இல்லை.

ஒரு துப்பு இருந்தது. இதை வகுக்கும் எந்த எண்ணையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடினால், கோல் கண்ட சிறிய எண் 14,45,580-ஆவது இடத்தில் நிற்கிறது! அவர் இன்னும் சில சல்லடைகள் போட்டுச் சலித்தார். எல்லாமே கைக்கணக்கு.

எத்தனை நாள் ஆயிற்று என்று பின்னாளில் பெல் கேட்டாராம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

இன்று ஒரு கணினி இதைக் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். ஆனாலும் பெருக்குவது சுலபம், பிரிப்பது கடினம் என்ற அந்தக் குணம் மாறவில்லை. இணையத்தில் நம் ரகசியங்களைக் காக்கும் பூட்டுகளில் ஒரு முக்கிய வகை, நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களின் இந்தக் குணத்தை நம்பித்தான் இருக்கிறது.

அந்த ஞாயிறுகளில் எத்தனை மாலைகள் வெறுங்கையோடு முடிந்திருக்கும்! அடுத்த வாரம் கிடைக்கும் என்று யாரும் அவருக்கு உறுதி சொல்லவில்லை. அரங்கம் பார்த்தது ஒரு பெருக்கலை. கை தட்டியதோ, பலகையில் எழுதப்படாத அந்த ஞாயிறுகளுக்கு.