கிள்ளக் கிள்ளத் தழைக்கும் புதினா

புதினா வளர்க்க விதை தேடி அலைய வேண்டாம். கடையில் வாங்கிய கட்டை ஆய்ந்த பிறகு குப்பைக்குப் போகிற தண்டுகளே போதும். ரொம்ப முற்றாமலும் ரொம்ப இளசாக இல்லாமலும் இருக்கிற தண்டை எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும். இந்தச் செடிக்கு உயிர்நிலையே கணுதான். வேர் விடுவதும் அங்கே, கிளை வெடிப்பதும் அங்கே.

என் மாடித்தோட்டத்தில் புதினாவுக்கு ஆழமான தொட்டி கொடுப்பதில்லை. ஓடுதண்டுகள் பக்கவாட்டில் படர்பவை; முக்காலடி ஆழம் போதும், அகலம்தான் தாராளமாக வேண்டும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புவேன். காலை வெயில் பட வேண்டும். சித்திரை, வைகாசி உச்சிவெயிலுக்கு நிழல்வலை வேண்டும். மண் ஈரம் காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. ஐப்பசி அடைமழைக்கு முன் தொட்டியின் அடித்துளைகளைக் குத்திச் சரிபார்த்துவிட வேண்டும். வேறு செடியோடு சேர்த்து வைத்தால் இடம் முழுவதையும் புதினாவே பிடித்துக்கொள்ளும்.

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள்கூடப் பறிக்கும் விதத்தில் செடியைக் கெடுத்துவிடுகிறார்கள். பெரிய இலையாகப் பார்த்து உருவிக்கொண்டு தண்டை மொட்டையாக விட்டால், அது நெடுநெடுவென்று வளர்ந்து, இலை சிறுத்து, பூவெடுத்துவிடும்.

ஒரு தண்டை உற்றுப் பாருங்கள். நான்கு பட்டையாக இருக்கும். கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு இலைகள். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் கடுகளவு துளிர். நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை அந்தத் துளிர்களைத் தலையெடுக்க விடாது. ஒரு கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளினால் இரண்டு துளிரும் இரண்டு கிளையாகும். அவற்றையும் கிள்ளினால் நான்காகும். தொட்டி அடர்வது இப்படித்தான். தண்டுகள் கட்டைதட்டிப் போனால் மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு மொத்தமாக வெட்டி, ஒரு பிடி உரம் தூவுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வேரைப் பிரித்துப் புது மண்ணில் நடுங்கள்.

இலையின் மேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது. சூட்டில் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். அதனால் துவையலுக்கு உளுந்தும் மிளகாயும் புளியும் வறுத்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சட்டிச் சூட்டிலேயே இலையைப் புரட்டி எடுங்கள். பிரியாணிக்குப் பாதியை வதக்கலில் போட்டு, மீதியைத் தம் போடும்போது தூவுங்கள்.

புதினாவை அழகு பார்ப்பதற்காக வைக்காதீர்கள். சமையலுக்குத் தேவைப்படாத வாரத்திலும் நுனியைக் கிள்ளுங்கள். மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், வேர்விட்ட ஒரு தண்டையும் சேர்த்து.