ஒரு வருஷம் வேலையை விட்டால்...

ப்ளஸ் டூ முடித்த கையோடு டாக்டர் சீட் வாங்குபவர்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். அம்மா லட்டு ஊட்டுவார், அப்பா தோளில் கை போட்டு நிற்பார். இது அந்தக் கதை இல்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து நீட் எழுதிய ஒரு பெண்ணின் கதை. பெயர் வேண்டாம். ஊர் மட்டும் சொல்லலாம்... ஆலந்தலை.

திருச்செந்தூருக்குக் கொஞ்சம் தெற்கே, மணப்பாடு போகிற வழியில் இருக்கிற கடற்கரை ஊர் அது. பரதவர்களின் ஏழு கடற்துறைகள் என்று சொல்வார்களே, அதில் ஒன்று. அவளுடைய அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். படித்தது சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2020-ல் அவள் ப்ளஸ் டூ முடித்தாள். கொரோனா வருஷம். செப்டம்பரில் நடந்த நீட்டை கோச்சிங் எதுவும் இல்லாமல் எழுதினாள், கிடைக்கவில்லை. அதே வருஷம்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. அரசு சம்பளம் வாங்கும் டீச்சர்கள், இலவசப் புத்தகம், இலவச சைக்கிள், பக்கத்து வீட்டு அதே மீனவப் பிள்ளைகள்... எல்லாம் ஒன்றுதான். ஆனால் பள்ளியின் பெயர்ப்பலகை வேறு. கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் இருப்பது பங்குப் பள்ளிக்கூடங்கள்தான் என்பதால் இந்த ஆதங்கம் அங்கே கொஞ்சம் அதிகம்.

சரி, அவள் டி.எம்.எல்.டி. படித்தாள். இரண்டு வருஷம். 2022-ல் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை. ஆரம்பச் சம்பளம் ஒன்பதாயிரம், பிறகு பதினோராயிரம். தினமும் பஸ்ஸில் போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது கிலோமீட்டர்.

வேலை பிடித்திருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ரிசல்ட் பேப்பரை வாங்குகிற கிழவர், சங்கு குளிக்கிறவர், கர்ப்பிணிப் பெண், எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே: "என்னம்மா போட்டிருக்கு?" சர்க்கரை 380 என்று அச்சடித்தவளே அவள்தான். அது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. "டாக்டரைப் பாருங்க ஐயா" என்று மட்டும்தான் சொல்லலாம். விதி சரியானதுதான், அதில் தப்பில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதையே சொல்லும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற ஆசை மறுபடி முளைத்துவிட்டது.

முதல் சந்தேகம் வயது. 2018-ல் நீட்டுக்கு உச்ச வயது 25, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் உச்ச வரம்பையே எடுத்துவிட்டது. எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இல்லை. அதற்கு முன்பே, 2020-ல், ஒடிசாவில் ஜெய் கிஷோர் பிரதான் என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி 64 வயதில் நீட் பாஸாகி புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். லேபில் இருந்த நர்ஸ் அக்கா அந்தச் செய்தியைக் காட்டி, "இவருக்கே இல்லாத வயசாட்டி ஒனக்கு?" என்றாராம்.

இரண்டாவது சந்தேகம் நேரம். காலையில் ஆறு மணி பஸ், ராத்திரி எட்டு மணிக்கு வீடு. ஆறு மாதம் அப்படியே படித்துப் பார்த்தாள். பிசிக்ஸ் புத்தகத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கியதுதான் மிச்சம். நீட்டில் 180 கேள்விகள், 720 மார்க். சரியென்றால் நான்கு, தப்பென்றால் ஒன்று போகும். பாதித் தூக்கத்தில் படித்ததை வைத்து அங்கே ஊகம் செய்ய முடியாது.

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஒரு தடவைக்கு மேல் எழுதியவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம்! அதாவது பத்துப் பேரில் ஏழு பேர் குறைந்தது ஒரு வருஷத்தைத் தனியாக இதற்கென்று கொடுத்தவர்கள். அமெரிக்காவிலும் மருத்துவம் சேருகிறவர்களில் பெரும்பாலோர் டிகிரிக்குப் பிறகு ஓரிரு வருஷம் இடைவெளி விட்டுத்தான் சேருகிறார்கள். ஆனால் அங்கே அந்த வருஷத்தில் வேலை பார்ப்பதும், ஆராய்ச்சியில் உதவுவதும் விண்ணப்பத்துக்கே பலம். இங்கே லேபில் இரண்டு வருஷம் ரத்தம் எடுத்த அனுபவத்துக்கு ஒரு மார்க் கூடக் கிடையாது. அதனால்தான் வேலையை விட வேண்டியிருக்கிறது.

வேலையை விடுவது என்றால் என்ன? சொல்வது சுலபம். குழுக் கடன் மாதத் தவணை, தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸ், பாட்டியின் மாத்திரை, எல்லாம் அந்தப் பதினோராயிரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று மாதம் சம்பளமில்லா லீவு கேட்டாள். கிடைக்கவில்லை. ஆள் குறைவாக இருக்கிற இடத்தில் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

கடற்கரையில் ஒரு விஷயம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் இனப்பெருக்கத்துக்கான ஓய்வு. ஆனால் ஃபைபர் படகு, வள்ளம் போன்ற சின்ன தொழிலுக்கு அந்தத் தடை கிடையாது. அவர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். வீட்டில் இதைப் பேசும்போது அவள் அப்பாவிடம் சொன்னது இதுதான்:

"ஒரே ஒரு வருஷம்ப்பா. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டுட்டல்லா... எழுது" என்றார். பாட்டிதான் கோபப்பட்டாள். "ஏட்டி, கையில இருக்க சோத்தத் தட்டிவிட்டுட்டு ஆகாசத்தப் பாக்கா!"

2024 ஜூனில் வேலையை விட்டாள். கோச்சிங் சென்டரில் சேரப் பணம் இல்லை. பழைய கேள்வித்தாள்கள், பாடப் புத்தகங்கள், யூடியூப், ஒரு டெஸ்ட் சீரிஸ். முதல் இரண்டு மாதம் நன்றாகப் போனது. பிறகுதான் தெரிந்தது, கஷ்டம் பாடத்தில் இல்லை, பகலில் இருக்கிறது என்று. ஊரே வேலையாக இருக்கும்போது ஒரு இருபத்து இரண்டு வயதுப் பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பது எல்லோர் கண்ணிலும் படும். "வேலை போயிட்டா?" "மாப்பிள்ளை பாக்கியளா?" ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். தம்பி ஒரு மாதம் ஃபீஸ் கட்டத் தாமதமானபோது ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் இருந்ததுதான் அதிகம் வலித்தது.

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. கம்மலைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வருஷம் பிசிக்ஸ் எவ்வளவு கடினம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். 2024-ல் 720க்கு 720 வாங்கியவர்கள் பலர். 2025-ல் அகில இந்திய முதல் இடமே 686தான். ஜூன் 14 ரிசல்ட் வந்தது. பயாலஜியில் நல்ல மார்க், பிசிக்ஸ் இழுத்துவிட்டது. தகுதி பெற்றாள். ஆனால் அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு அந்த மார்க் போதவில்லை. தனியார் கல்லூரி என்ற பேச்சுக்கே வீட்டில் இடமில்லை.

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பழைய சான்றிதழ்களை எடுத்து ஃபைலில் அடுக்கினாள். திருச்செந்தூரிலேயே ஒரு லேபில் ஆள் கேட்டிருந்தார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் அரை மணி நேரத்தில் வீடு.

அந்த வருஷம் வீணா? ஊரில் பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு சீட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் வீண்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலையை விடுவதற்கு முன்பே எல்லையை அவள் வைத்துக்கொண்டாள். ஒரு வருஷம், அதற்கு மேல் இல்லை. கையில் ஒரு தொழில் இருந்தது, திரும்பிப் போக ஒரு கதவு இருந்தது. மூன்று, நான்கு வருஷம் எழுதி எழுதி, வேறு எதையும் படிக்காமல், வீட்டுக்கு முகம் காட்ட முடியாமல் ஒடுங்கிப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாமல் போனது திறமை இல்லை, இந்த எல்லைதான். வேலையை விட நினைப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், எப்போது திரும்புவது என்று முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது.

புது வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம், கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அப்பா திடீரென்று கேட்டார்.

"அடுத்த வருஷம் எழுதலயா?"

"ஒரு வருஷம்னுதானப்பா சொன்னேன்."

"வேலைய விடாம எழுது. கடலுக்குப் போன அன்னைக்கெல்லாமா நமக்கு மீன் பட்டுச்சு?"

அவள் பதில் சொல்லவில்லை. பிசிக்ஸ் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட வைத்திருந்த கட்டிலிருந்து உருவி, பையில் வைத்துக்கொண்டாள்.