செம்பா, அலுமினியமா?

ஆகாய விமானம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன இறக்கையும் வாலும் சுழல்விசிறியுமே. பெற்றோற் தாங்கியிலிருந்து இயந்திரம்வரை ஓடுகின்ற, சுண்டுவிரற் பருமனேயுள்ள குழாயை நினைப்பார் எவருமிலர். ஆயினும் சில மாதங்களாக என் சிந்தையைப் பற்றிக்கொண்டிருப்பது அந்தக் குழாய்தான்.

என்னிடம் பௌதிகவியல் கற்ற மாணவன் ஒருவன், அட்டனை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன், இப்பொழுது இங்கிலாந்தில் தொழில் பார்க்கிறான். நண்பர் இருவருடன் சேர்ந்து, வாடகைக் கொட்டகையொன்றில், இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு விமானமொன்றைத் தன் கையாலேயே கட்டி வருகிறான். "சேர், பெற்றோல் குழாய்க்குச் செம்பு நல்லதா, அலுமினியம் நல்லதா?" என்று கேட்டு எழுதினான். அவன் தாயாருக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது. அவர்கள் வீட்டில் ஞாயிற்றுப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்திலேதான் இதனை எழுதுகிறேன்.

வீட்டில் விமானம் கட்டுவதாவது என்று வியப்பவர்கள், நம் நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்தனவை (1924–2010) நினைத்துக்கொள்ளலாம். இருசக்கர உழவு இயந்திரத்தை ஆக்கியும், மலைச்சரிவுகளில் மண் அரித்துச் செல்லாமற் பயிரிடும் முறைகளை எடுத்துரைத்தும் புகழ்பெற்ற அவர், சிறு விமானங்களைத் தாமே அமைத்து அவற்றிற் பறந்தவர். இங்கிலாந்திலும் இது ஆயிரக்கணக்கானோர் செய்யும் காரியமே. ஆனால், அங்குள்ள இலகு விமானச் சங்கத்தின் பரிசோதகர் பார்த்து ஒப்பமிடாமல் விமானம் எழும்ப முடியாது.

மாணவனுடைய கடிதத்தை அவன் தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். தோட்டத்தார் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் எஞ்சின் பார்த்தவர் அவர். ரோதைமுனிக்குச் சூடம் கொளுத்தாமல் சக்கரத்தைச் சுழலவிடாதவர். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "செம்பு நல்ல சாமான்தாங்க மாஸ்டர். ஆனா நடுங்குற எடத்துல வச்சா முறுக்கேறிப் போயி ஒருநாள் வெடிச்சிரும். நாங்க வருஷத்துக்கொருக்கா கழட்டி, பழுக்கக் காச்சி, தண்ணியில போட்டுத்தான் மாட்டுவோம்."

நூல்கள் சொல்வதும் இதுவே. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும், செம்போ இளகும். இளகிய செம்பு அசைந்து அசைந்து மீண்டும் இறுகும். இறுகியது ஒருநாள் கீறும். பிள்ளைகள் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதில்லையா? அதையே இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்கிறது. ஸ்டோரில் குழாய் வெடித்தால் அரைநாள் கொழுந்து வாடும். ஆகாயத்தில் வெடித்தாலோ, வழியோரத்தில் நிறுத்துவதற்கு ஓரமே இல்லை.

ஆகவே அலுமினியம். அதிலும் எல்லா அலுமினியமும் ஆகாது. சிறிதளவு மக்னீசியம் கலந்த, 5052 என்ற எண்ணால் வழங்கும் கலப்புலோகத்தின் மெதுவான வகையையே பெரும்பாலோர் நாடுகின்றனர். செம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் அது; துருப்பிடிப்பதும் அரிது. ஆயினும் அதற்கும் நடுக்கம் பகையே. ஒரு சிறு கீறல் விழுந்தாலும் வெடிப்பு அங்கே தொடங்கும். ஆதலால் கருவிகொண்டு மெல்ல வளைத்து, இடையிடையே பட்டி போட்டு இறுக்கி வைப்பார்கள். துருவேறா எஃகு தீயையும் தாங்கும், வளைப்பதுதான் பெரும்பாடு.

பெரியவர் மற்றொன்றும் கேட்டார்: "கொழாய நேரா இழுத்துக் கட்டிட்டானா?" அவர் ஸ்டோரில் எண்ணெய்க்குழாயை ஜிலேபிபோற் சுருட்டித்தான் இயந்திரத்தோடு இணைப்பாராம். விமானக் கைந்நூல்களும், இரு முனைகளுக்கிடையே குழாயை விறைப்பாக நேரே இழுக்காதே, வளைவொன்று கொடு என்றே கூறுகின்றன. சூட்டில் நீள்வதற்கும் நடுக்கத்தில் அசைவதற்கும் அந்த வளைவே இடம் தருகிறது.

குழாயின் வாயை விரித்துப் பொருத்துவதிலும் ஒரு சூட்சுமமுண்டு. மோட்டார் வண்டிக் கருவி 45 பாகைச் சரிவில் விரிக்கும். விமானப் பொருத்துக்கோ 37 பாகை வேண்டும். ஒன்றை மற்றொன்றில் முறுக்கினால் பொருந்தியதுபோலவே தோன்றும், பிறகு கசியும். நம்மூர்க் கராஜ்களில் உள்ளது 45 பாகைக் கருவிதான்.

இயந்திரம் இறப்பர் மெத்தைமேல் ஆடுகிறது, உடல் ஆடுவதில்லை. இவ்விரண்டுக்குமிடையே எந்த உலோகக் குழாயும் நில்லாது. அங்கே எஃகு வலை பின்னிய நெகிழ்குழாயும், அதன்மேல் தீக்காப்பு உறையும் வேண்டும். பெற்றோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியவேண்டுமென்று பளிங்குபோன்ற பிளாஸ்டிக் குழாயை விரும்புவாருமுண்டு. நாட்பட அது மஞ்சளித்து விறைத்துவிடும். பிரித்தானியாவில் 2021 செப்டெம்பரிலிருந்து சாதாரணப் பெற்றோலிற் பத்து வீதம்வரை எதனோல் கலக்கிறார்கள். பழைய இறப்பர் வகைகள் சிலவற்றை அது ஊதச் செய்துவிடும்.

உயரத்தின் வேலை வேறு. நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுவதை நம்மவர் அறிவர். பெற்றோலும் அப்படியே. நான் சிறுவனாயிருந்தபோது, இறம்பொடை வளைவுகளில் பழைய மொரிஸ் கார்கள் மூச்சடைத்து நிற்கும். சாரதி இறங்கிப் பெற்றோல் பம்பின்மேல் ஈரச்சாக்கைப் போடுவார். குழாயினுள் பெற்றோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டதே காரணம். விமானத்தில் ஈரச்சாக்குக்கு இடமில்லை. ஆகையால் புகைக்குழாய்க்கு எட்டவே குழாயைக் கொண்டுசெல்ல வேண்டும்.

குழாய் செல்லும் வழி எத்துணை முக்கியமென்பதற்கு 1997 ஒக்டோபர் 12ஆந் திகதி கலிபோர்னியாவில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர் பறந்த விமானம், வேறொருவர் வீட்டில் கட்டியது. விமானி அறையினூடே பெற்றோல் குழாய் செல்லலாகாதென்று அதைக் கட்டியவர் எண்ணி, தாங்கி மாற்றும் திருகை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எண்ணம் நல்லதே. ஆனால், பறக்கையில் அதை எட்டித் திருப்ப உடலைத் திருப்ப வேண்டியிருந்தது. விமானம் கட்டுப்பாட்டை இழந்து கடலில் வீழ்ந்தது, பாடகர் மாண்டார்.

மாணவன் இப்பொழுது முடிவு செய்துவிட்டான்: இறக்கைத் தாங்கியிலிருந்து தீத்தடுப்புச் சுவர்வரை அலுமினியம், அதற்கப்பால் நெகிழ்குழாய், செம்பு எங்கும் இல்லை. அடுத்து, விமானத்தின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, குழாய்வழியே எவ்வளவு பெற்றோல் வருகிறதென்று அளக்கவேண்டும். தானாக வழிந்து வருவதாயின், மேலெழும்போது இயந்திரம் குடிப்பதைப்போல் ஒன்றரை மடங்கு வரவேண்டுமென்பது பொதுவிதி. அதன் பின்னரே பரிசோதகர் வருவார்.

அவர் வருமுன் ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கும்படி தந்தையார் சொல்லியனுப்பியிருக்கிறார்.