சந்தை விலையும் நம்மூர்ச் சூளையும்



போட்டி வந்தால் மின்சாரம் மலிவாகும், வீணடிப்பும் குறையும் என்று 2003 மின்சாரச் சட்டம் வந்தபோது பேசிக்கொண்டார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலையையும் சந்தையிடம் விட்டார்கள்.

நம் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தான். "விலை ஏறினா சிக்கனம் தானா வரும்னு சொல்றாங்க சார். சூளையை மாத்திக் கட்டப் பணம் வேணுமே?" என்றான்.

அவன் கேட்பது நியாயம். பெரிய ஆலைகள் வெளியில் விலை பேசி மின்சாரம் வாங்கலாம். பசுமை மின்சாரத்துக்கு 2022 மத்திய விதிகள் வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. பொம்மை சுடும் சிறு பட்டறைக்கு அதுவும் எட்டாது.

பழைய சூளையில் வெப்பத்தின் பெரும்பகுதி சுவரையும் தட்டுகளையும் சூடாக்கவே போகிறது. வெப்பம் தாங்கும் இலேசான செங்கல் பதித்தால் எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு. முடியாதவர்கள் மலிவான விறகைத் தேடிப் போவார்கள். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்தப் புகையின் பாதிப்பும் நம் மின்கட்டண ரசீதில் தெரிவதில்லை.

ஆகவே, சந்தையைத் திறந்தால் மட்டும் போதாது. சிறியவர்களுக்குக் கடனும் வேண்டும். வங்கியிலும் மின்வாரியத்திலும் இருக்கும் பிள்ளைகளே, அவனுக்கு வழி தெரிந்தால் கீழே எழுதுங்கள்.