பொதுக் கிண்ணமும் சமூக இடைவெளியும்



'சமூக இடைவெளி' என்ற சொல் 2020 மார்ச்சில் தமிழ்நாட்டின் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. யாருக்கு போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல் சத்தம், பிறகு அறிவுரை, அதற்குப் பிறகுதான் மணி அடிக்கும். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டார்கள். மதுரையில் பயம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மார்ச் 25ஆம் தேதி அதிகாலை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில்தான் நடந்தது. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் அதே நாள்தான்.

சமூகவியல் படித்த எங்களுக்கு அந்தச் சொல் வேறொரு இடத்திலிருந்து பழக்கம். 1925இல் எமரி போகார்டஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 'சமூக இடைவெளி அளவுகோல்' ஒன்றை உருவாக்கினார். அதில் அவர் அடிக்கணக்கில் எதையும் அளக்கவில்லை. குறிப்பிட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவரை உன் குடும்பத்தில் மணம் முடிக்க ஏற்பாயா, நண்பராக ஏற்பாயா, பக்கத்து வீட்டில் குடியிருக்க விடுவாயா, உன் வேலையிடத்தில் சேர்ப்பாயா, உன் நாட்டுக்குள்ளாவது அனுமதிப்பாயா என்று படிப்படியாகக் கேட்டார். எந்தப் படியில் 'முடியாது' என்கிறோமோ, அதுதான் இடைவெளி. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச் 20 அன்றே, தள்ளி நிற்க வேண்டியது உடல்கள்தான், மக்களின் உறவு அறுந்துபோகக் கூடாது என்று விளக்கம் சொல்லி, 'உடல் இடைவெளி' என்ற சொல்லுக்கு மாறியது. நம்மூரில் அந்தத் திருத்தம் எடுபடவில்லை. 'சமூக' இடைவெளி என்பது நம் சமூகத்துக்கு அவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது.

இந்தக் கட்டுரை ஒரு போதகரைப் பற்றியது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மதுரைக்கு வெளியே நாலைந்து கிராமச் சபைகளை ஒரே ஆளாகக் கவனித்து வந்த சி.எஸ்.ஐ. போதகர். எங்களைப் போலவே சேரியில் பிறந்தவர். ஊரடங்கு மாதங்களில் அரிசி, பருப்பு, மாத்திரை கொண்டுபோகும் வேலையில் நாங்கள் அவரோடு சேர்ந்து அலைந்தோம். போகிற வழியில் அவர் பேசியதையும், பிறகு பல மாதங்கள் நாங்கள் அவரோடு விவாதித்ததையும் உங்களிடம் வைக்க நினைக்கிறோம். சபைக்குப் போகாத தோழர்களும் படிக்கலாம். பேச்சு சபையைப் பற்றியது மட்டுமல்ல.

அந்த ஆண்டு ஏப்ரல் 10 புனித வெள்ளி, 12 உயிர்த்தெழுந்த ஞாயிறு. கோயில்கள் பூட்டிக் கிடந்தன. நகரத்துச் சபைகள் யூடியூபுக்குப் போய்விட்டன. காணிக்கை கூகுள் பேயில் வந்தது. கிராமச் சபைகளில் ஒரு தெருவுக்கு மூன்று நல்ல போன் இருந்தால் அதிகம். அந்த போனும் பள்ளிக்கூடப் பிள்ளை கையில் இருக்கும், அல்லது டேட்டா தீர்ந்திருக்கும். ஒரு மூதாட்டி போதகரிடம், "ஐயா, டிவிப் பொட்டிக்குள்ள இருந்து ஆசீர்வாதம் சொன்னா இந்தத் தெரு வரைக்கும் வருமா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம். போதகர் சிரிக்கவில்லை. "அந்தம்மா கேக்குறது நியாயம் தம்பி. எல்லாம் இந்தத் தெரு வாசல்ல வந்துதான நிக்குது. ரோடு நிக்குது, தண்ணி நிக்குது. ஆசீர்வாதமும் நின்னுருமோன்னு பயப்படுறாங்க" என்றார்.

அன்றுதான் அவர் முதன்முதலாகச் சமாதானம் பரிமாறுவதைப் பற்றிப் பேசினார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் அது தனக்கென ஒரு திருவிருந்து வழிபாட்டு முறையை வகுத்துக்கொண்டது. 1950இல் வந்த அந்த முறையில், சிரியன் கிறித்தவ மரபிலிருந்து எடுத்த ஒரு பழக்கம் சேர்ந்தது: பீடத்திலிருந்து தொடங்கி, ஒருவர் கையை ஒருவர் தொட்டுச் சமாதானத்தை சபை முழுக்கக் கடத்துவது. வேறெங்கோ இது ஒரு சடங்காக இருக்கலாம். தீண்டாமை இருக்கிற நாட்டில், வழிபாட்டின் நடுவே பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கையைத் தொடு என்று எழுதி வைப்பது சாதாரண விஷயமில்லை. அதே 1950இல்தான் குடியரசுத் தலைவரின் அட்டவணைச் சாதிகள் ஆணை வந்தது. இந்து அல்லாத தலித்துகளை அது பட்டியலிலிருந்து வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கும் பௌத்தருக்கும் பின்னாளில் அந்தக் கதவு திறந்தது. தலித் கிறித்தவர்களுக்கு இன்று வரை திறக்கவில்லை. கையைத் தொட வைத்த வழிபாடும், கையைக் கழுவிய அரசாணையும் ஒரே ஆண்டில் பிறந்தவை.

கொரோனாவில் அந்தத் தொடுகை நின்றது. நிற்கத்தான் வேண்டும். அதில் போதகருக்கும் எங்களுக்கும் இரண்டு கருத்து இல்லை. தெரு தெருவாக முகக்கவசம் கொடுத்தவர் அவர். 2020 ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டபோது, "வீட்டுக்குள்ளேயே ஜெபம் பண்ணுங்க, சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பியவர். அவருடைய கவலை வேறு. நோய்க்காக நிறுத்துகிற தொடுகை, நோய் போன பிறகு திரும்பி வருமா?

இந்தக் கவலைக்குப் பின்னால் நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அது மதுரையிலேயே தொடங்குகிறது. 1606இல் இராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே இங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக் குரு பரதவக் கிறித்தவர்களோடு இருந்தார். உயர்சாதியினரை ஈர்க்க வேண்டும் என்றால் அந்தக் கூட்டத்தோடு காணப்படக் கூடாது என்று நொபிலி முடிவு செய்தார். தனி வீடு, தனி உணவு, தனிக் கோயில், காவி உடை. நொபிலியின் தமிழ்ப் புலமையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மதுரைக் கிறித்தவத்தில் முதல் சமூக இடைவெளியை நோய்க்கிருமி உண்டாக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிராட்டஸ்டண்ட் பக்கமும் கதை சுத்தமில்லை. 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறித்தவர்கள் அதை எதிர்த்துச் சபையைவிட்டு வெளியேறினார்கள். சண்டை எதில் வந்தது என்று பாருங்கள்: எங்கே உட்காருவது, யாருக்குப் பிறகு யார் திருவிருந்து எடுப்பது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1840களில் தன் ஊழியர்களுக்கே ஒரு சோதனை வைத்தது. எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பலர் ஊழியத்தை விட்டாலும் விடுவோம், சேர்ந்து சாப்பிட மாட்டோம் என்று போனார்கள். அவர்களுக்கு விசுவாசக் கோட்பாடு தடையாக இல்லை. பக்கத்து இலைதான் தடை.

அதனால்தான் பொதுக் கிண்ணம் நமக்கு வெறும் பாத்திரம் இல்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருக்கிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன்னால் எல்லோரும் வரிசையாக முழங்கால்படியிட்டு, ஒருவர் வாய் வைத்த அதே கிண்ணத்தில் அடுத்தவர் வாய் வைத்துக் குடிப்பது என்பது, நம் தாத்தா பாட்டிகள் கேட்டு வாங்கிய உரிமை.

மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இதை இறையியலாகவே ஆக்கியவர் ஒருவர் உண்டு. தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்றால் பழையவர்களுக்குத் தெரியும். கர்நாடக இசையும் சமஸ்கிருதம் கலந்த தமிழும் ஆண்டுகொண்டிருந்த வழிபாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டையும் சேரித் தமிழையும் கொண்டுவந்தார். அவருடைய மையச் சிந்தனை 'ஒரு உலை'. ஒரே உலையில் பொங்கி, இருப்பதை எல்லோரும் பகிர்ந்து உண்கிற குடும்பம்தான் இறையாட்சியின் வடிவம் என்றார். 2005இல் அவர் மறைந்தார். இன்றைய மாணவர்கள் அவரைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஊரடங்கில் அந்த உலையை நாங்கள் கண்ணால் பார்த்தோம். கோயில் உள்ளே பூட்டு. வெளியே வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு. கட்டட வேலை, களையெடுப்பு, செங்கல் சூளை எல்லாம் நின்றுபோன தெருவில், அவரவர் வீட்டிலிருந்து ஒரு படி அரிசி, இரண்டு தக்காளி. சபையில் பெயர் இருக்கிறவர், இல்லாதவர், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர் எல்லோருக்கும் ஒரே சாம்பார். "இந்த வருசம் திருவிருந்து நடக்கலைன்னு யாரு சொன்னா?" என்றார் போதகர்.

அதே மாதங்களில் பக்கத்து ஊர் டீக்கடையில் இன்னொன்று நடந்தது. கண்ணாடி கிளாஸ்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டு எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுத்தார்கள். நம் தெருக்காரர்களுக்கு அந்தக் கடையில் பல வருடமாகவே பேப்பர் கப்தான். தனிக் குவளை வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரும். பேப்பர் கப்புக்கு வழக்கு இல்லை. ஆக, கொரோனா காலத்தில் கொஞ்ச நாள் ஊரே நம் கப்பில் குடித்தது. நோய் குறைந்ததும் கண்ணாடி கிளாஸ் வெளியே வந்தது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று நாங்கள் எழுத வேண்டுமா?

சாவிலும் இதைப் பார்த்தோம். 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. நாடே அதிர்ந்தது. அதிர வேண்டியதுதான். ஆனால் சுடுகாட்டுப் பாதை மறிக்கப்படுவதும், பிணத்தோடு வழியில் நிற்பதும் நமக்குப் புதிதா? திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சாதிச் சுவர் நிற்கிறது. எங்கள் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் இடிக்க முடிந்தது. இவை எந்தக் கிருமியையும் தடுக்கக் கட்டியவை அல்ல.

2020 செப்டம்பர் 1 முதல் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. இரண்டாம் அலையில் மறுபடி மூடி, 2021 ஜூலையில் மறுபடி திறந்தன. திருவிருந்து திரும்பியபோது பொதுக் கிண்ணத்தின் இடத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்கள் வந்திருந்தன. பிறகு போதகருக்கு ஒரு நகரத்துச் சபைக்கு மாற்றல் வந்தது. பல சாதியாரும் கலந்து வருகிற சபை. நோய் அடங்கி, கல்யாண மண்டபங்கள் நிரம்பி வழிகிற காலம் வந்தும் சின்னக் கிண்ணம் போகவில்லை. கமிட்டியில் அவர் கேட்டார்: பழையபடி ஒரே கிண்ணத்துக்குப் போகலாமா? "இதுவே சுகாதாரமா இருக்கே ஐயா, இப்படியே இருக்கட்டும்" என்று பதில் வந்தது. சொன்னவர்களில் சிலருக்கு உண்மையிலேயே சர்க்கரை நோயும் வயதும் காரணம். எல்லோருக்கும் அதுதான் காரணமா?

எங்கள் குழுவுக்குள்ளேயே இதில் வாதம் நடந்தது. அறிவியலைப் பேசுகிற நாம் கிருமிக்கு எதிரான ஏற்பாட்டை எப்படி எதிர்ப்பது என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. போதகரின் பதில் எங்களுக்குச் சரியாகப் பட்டது. "சுகாதாரம்னா அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும், காரணம் போனா அதுவும் போகணும். காரணம் போன பிறகும் நிக்கிற சுகாதாரத்துக்கு நம்ம ஊர்ல தீட்டுன்னு பேரு." அவர் ஒரு வழியும் வைத்தார். முடியாதவர்களுக்கு அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுப்பது. மற்றவர்களுக்குப் பொதுக் கிண்ணம். கடைசியில் மீந்ததைப் போதகரே குடிப்பது. சில குடும்பங்கள் பீடத்துக்கு வருவதை நிறுத்தின. வேறு சில குடும்பங்கள், பின்வரிசையிலேயே இருந்து பழகியவர்கள், முன்னால் வந்து முழங்கால்படியிட்டன. முடிவு இன்னும் இழுபறியில் இருக்கிறது.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் இதே சிக்கல் உண்டு என்று போதகர் காட்டினார். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, உழைத்துவிட்டுத் தாமதமாக வருகிறவர்கள் பசியோடு நின்றார்கள். அப்படி நடந்தால் அது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கடிந்துகொள்கிறார். அந்தக் கடிதம் இன்றைக்கு எழுதியதுபோல் இருக்கிறது.

ஆனால் ஒன்றையும் மறக்க வேண்டாம். 'சாதி ஒழிப்பு' நூலில் 1936இலேயே பாபாசாகேப் சொல்லிவிட்டார்: சேர்ந்து உண்பது மட்டும் சாதியைச் சாகடிக்காது; கலப்பு மணமே உண்மையான மருந்து. பொதுக் கிண்ணம் திரும்பினாலும், அதில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மணமகன் தேவை விளம்பரத்தில் சாதி போடுகிறவர் இருக்கவே செய்வார். போகார்டஸும் திருமணத்தைத்தான் முதல் படியாக வைத்தார். கிண்ணம் கடைசிப் படிகளில் ஒன்று. அந்தப் படியில்கூட நம்மால் சேர்ந்து நிற்க முடியவில்லை என்பதுதான் போதகரின் வேதனை.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். அந்த அளவுகோலை எடுத்து உங்கள் சபையில், உங்கள் ஊர்க் கோயிலில், உங்கள் விடுதி உணவறையில் வைத்துப் பாருங்கள். எந்தக் கிண்ணத்தில் யார் குடிக்கிறார்கள்? கல்லறையில் யார் எந்தப் பக்கம்? கமிட்டியில் யார், பெருக்குவது யார்? கொரோனாவுக்காக வந்த ஏற்பாடுகளில் எவை போய்விட்டன, எவை தங்கிவிட்டன, தங்கியவை யாருக்கு வசதி? ஊர்ப் பெயர், தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒருவர் 'சுகாதாரம்' என்று சொல்லும்போது, அந்தக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.