இடையிசைக்காரர்கள்

ஜூன் 24 இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த நாள். வருடம் 1928. கண்ணதாசன் பிறந்ததும் அதே ஜூன் 24தான், அதற்கு முந்தைய வருடம். எம்.எஸ்.வி. மறைந்தது 2015 ஜூலை 14. ரசிகர்கள் கூட்டம் போடுவதென்றால் பெரும்பாலும் இந்த இருபது நாளுக்குள் போட்டுவிடுவார்கள். புதுச்சேரியில் மட்டும் இதில் ஒரு சிக்கல். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். முதல் நாள் இரவு விளக்கு ஊர்வலம், மறுநாள் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம்.

“அன்னைக்கு வைக்க முடியாது சார். நம்ம கமிட்டியில ரெண்டு பேரு பிரெஞ்சு பென்ஷன்காரங்க வீட்டுப் பசங்க. காலையில அங்கதான் நிப்பாங்க. அதுக்கு முந்தின ஞாயிறு வச்சுக்கிட்டோம்” என்றார் இந்த வருட எம்.எஸ்.வி. கச்சேரியின் அமைப்பாளர். பகலில் அவர் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தங்கள் இருப்பதால் வாத்தியக்காரர்கள் கல்யாணக் கச்சேரிகளில் சிக்கிக்கொண்டிருந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் கச்சேரிகள் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமை அது.

ஒத்திகை பார்க்க நான் மூன்று மாலை போனேன். கடலூர் சாலையில் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஏ.எஃப்.டி. மில்லின் நீண்ட மதிலை ஒட்டி நடந்தால் முதலியார்பேட்டை. உள்ளே ஒரு சந்து, சந்தின் கடைசியில் ஒரு மாடி வீடு, மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. வீட்டுக்காரப் பெரியவர் அந்த மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். 1898இல் தொடங்கிய மில் அது. ரோடியர் மில் என்றுதான் அவர் சொல்கிறார். 2020 ஏப்ரல் 30ஓடு அதை மூடிவிட்டார்கள். அறைக்கு வாடகை கிடையாது. ஒரே நிபந்தனை, ஒத்திகையின்போது அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.

நான் எம்.எஸ்.வி. பாட்டிலேயே வளர்ந்தவன். எந்தப் பாட்டை எடுத்தாலும் பல்லவியிலிருந்து கடைசி வரை, நடுவில் வரும் வாத்தியம் உட்பட, வாயாலேயே வாசித்துக் காட்டுவேன் என்று ஒரு கர்வம் உண்டு. முதல் நாளே அது போயிற்று. கீபோர்டு வாசிப்பவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் ‘அவளுக்கென்ன’ ஓடிக்கொண்டிருந்தது, பாதி வேகத்தில்.

“சார், மெயினா ஓடுற வயலின் எல்லாருக்கும் கேக்கும். அதுக்குக் கீழ இன்னொரு வரிசை போகுது பாருங்க. அது என்ன வாசிக்குது?”

மூன்று முறை கேட்டேன். ஐம்பது வருடமாகத் தெரிந்த பாட்டு. கீழே ஏதோ நகர்வது தெரிந்தது, பிடிபடவில்லை. அவர் சிரிக்கவில்லை. “எனக்கும் நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் மாட்டுச்சு” என்றார்.

மடியில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பாட்டின் பெயர், கட்டை, தாளம். கீழே ஸ ரி க ம என்று தமிழ் எழுத்தில் வரிசைகள். மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலில் புள்ளி. நீல மை வயலின், சிவப்பு அக்கார்டியன், பச்சை குழல். பாட்டு வரி ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை. பல்லவி வருமிடத்தில் ஒரு கோடு, சரணம் வருமிடத்தில் இரண்டு கோடு, அவ்வளவுதான். “பாடுறவங்க நோட்டுல வெறும் வரிதான் இருக்கும், என் நோட்டுல அது தவிர மத்த எல்லாம் இருக்கும்” என்றார்.

ஒரு திரையிசைக் கச்சேரியின் பாதி வேலை அந்தக் கோடுகளுக்கு இடையில்தான் நடக்கிறது. பாடுவதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. தெருவுக்கு ஒரு டி.எம்.எஸ்., இரண்டு சுசீலா. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இருபது முப்பது விநாடியை ஒருவர் காதால் பிரித்து, எழுதி, ஆள் ஆளாகப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவில் வரிசை வரிசையாக உட்கார்ந்த வயலின்கள் வாசித்ததை இங்கே இரண்டு கீபோர்டும் ஒரு வயலினும் வாசித்தாக வேண்டும். முதல் கீபோர்டுக்காரர் தன் கட்டைகளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். இடது கைப் பக்கம் வயலின் கூட்டம், வலது கைப் பக்கம் அக்கார்டியன். இடது கை வயலினை இழுத்துப் பிடித்திருக்கும்போதே வலது கை அக்கார்டியனுக்குத் தாவுகிறது. ஒரு கை காலி என்றால் உடனே இரண்டாவது கீபோர்டுக்காரரின் வைப்ரஃபோனுக்கு உதவிக்குப் போகிறது.

‘அவளுக்கென்ன’வைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்துக்கு இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. அந்தப் பாட்டைப் படத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வைத்தே எடுத்திருக்கிறார்கள். மைக் முன்னால் டி.எம்.சௌந்தரராஜன், கை வீசி நடத்துவது எம்.எஸ்.வி., சுற்றிலும் வாத்தியக்காரர்கள். திரையில் இடையிசை வரும்போது கதாநாயகன் கதாநாயகியைப் பார்ப்பதும் மலை உச்சியில் ஓடுவதும்தான் நமக்குப் பழக்கம். இந்தப் பாட்டில் வாசிக்கிறவர்களைப் பார்க்கக் கிடைக்கிறது. ஆனாலும் படத்தின் டைட்டிலில் அன்றெல்லாம் இசையமைப்பாளர் பெயர் வரும், பாடியவர்கள் பெயர் வரும், வாசித்தவர்கள் பெயர் வராது. குழல் நஞ்சப்பா, அக்கார்டியன் மங்களமூர்த்தி என்று சில பெயர்களைத் தீவிர ரசிகர்கள் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் ‘எம்.எஸ்.வி. மியூசிக்’ என்ற ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மாலை தோலோடு மல்லுக்கட்டு. ஜூலை வெக்கையில் கடல் காற்றின் ஈரம் தபேலாவுக்கும் போங்கோவுக்கும் ஆகாது. தோல் தளர்ந்து நாதம் இறங்கிவிடும். தபேலாக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. சின்னச் சுத்தியலால் கட்டையைத் தட்டித் தட்டி ஏற்றினார். போங்கோவை ஒரு குண்டு பல்பின் பக்கத்தில் குழந்தையைக் குளிர் காய வைப்பதுபோல் சாய்த்து வைத்திருந்தார்கள். எட்டுப் பட்டை கொண்ட எலக்ட்ரானிக் பேட் ஒன்றும் அறையில் இருந்தது. அதில் போங்கோ சத்தமும் உண்டு, தோலும் கிடையாது, ஈரமும் ஏறாது. “அப்புறம் எதுக்குண்ணா இத்தனை பாடு?” என்று பேட் வாசிக்கும் இளைஞன் கேட்டான்.

“தம்பி, அதுல எத்தனை தடவ தட்டினாலும் ஒரே மாதிரி கேக்கும். இதுல ஒரு விரல் தள்ளிப் பட்டா வேற சத்தம். பதிவுல அவரு ஒரே மாதிரி வாசிக்கல. நாமளும் வாசிக்கக் கூடாது.”

அந்த ‘அவரு’ யாரென்று தபேலாக்காரருக்குத் தெரியாது. பெயர் தெரியாத ஒரு விரலைத்தான் அவர் நாற்பது வருடமாகப் பின்தொடர்கிறார். சின்ன வயதில் பாட்டுப் பிடித்த கதையைச் சொன்னார். கடலோரம் என்பதால் இலங்கை வானொலி இங்கே சுத்தமாகக் கேட்கும். ஆனால் பாட்டு ஒரு தடவைதான் போடுவார்கள், நிறுத்திக் கேட்க வழியில்லை. நண்பர்கள் மூன்று பேர் பங்கு பிரித்துக்கொள்வார்களாம். முதல் இடையிசை ஒருவனுக்கு, இரண்டாவது இன்னொருவனுக்கு, தாளம் இவருக்கு. பாட்டு முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் மூன்றையும் ஒட்டுவார்கள். ஒருவன் தவறவிட்டால் அடுத்த முறை அந்தப் பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பாடகர் ஒருவர் ‘ஒரு கட்டை இறக்கிக்கலாமா’ என்று கேட்டதும் அறையே பெருமூச்சு விட்டது. டி.எம்.எஸ். உச்சியில் நின்று பாடியதை எல்லோராலும் பாட முடியாது. கேட்பது நியாயம்தான். ஆனால் கட்டை இறங்கினால் குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும், தபேலாவுக்கு வேறு தலை வேண்டும், வயலினின் விரல் இடங்கள் எல்லாம் மாறும். கீபோர்டுக்கு மட்டும் ஒரு பொத்தான் போதும். குழல்காரர் தோள்பையை அவிழ்த்துக் காட்டினார். நீளம் நீளமாகப் பதினொரு குழல்கள், ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய கட்டை எண். “பாடறவங்க தொண்டைக்கு ஏத்த மாதிரி நான் கடைய விரிக்கணும் சார்.”

பிழைப்பைப் பற்றிக் கேட்டேன். கல்யாண வீடுகளில் இப்போது ஒரு பாடகரும் ஒரு லேப்டாப்பும் போதும். குரலை நீக்கிய ட்ராக்கைப் போட்டுப் பாடிவிட்டுப் போகலாம். பதினான்கு பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வேன் என்று எதுவும் வேண்டாம். குழல்காரர் பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார், பேட் வாசிக்கும் பையன் செல்போன் கடையில் வேலை செய்கிறான், தபேலாக்காரர் கோயில் பஜனைகளுக்குப் போகிறார். ட்ராக்கில் ஒரிஜினல் மாதிரியே எல்லாம் இருக்கிறதே என்றேன். கீபோர்டுக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இருக்கு. ஆனா பாடுறவன் சரணத்த ஒரு மூச்சு லேட்டா எடுத்தா ட்ராக் அவனுக்காக நிக்காது. நாங்க நிப்போம்.”

மூன்றாம் நாள் தொடக்கப் பாட்டுக்கு ஒரு சர்ச்சை. எம்.எஸ்.வி.க்கு விழா, எனவே அவர் மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து வந்த பாடகி சொன்னார். மோகனத்தில், 55 விநாடியில் முடியும் அந்த மெட்டு அவருடையதுதான். ஆனால் அது தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரிக்குத் தனி வாழ்த்து உண்டு, எழுதியவர் பாரதிதாசன். “எங்க ஊர் மேடையில எங்க வாழ்த்துதாம்மா பாடணும்” என்று அமைப்பாளர் பணிவாக, ஆனால் அசையாமல் நின்றார்.

வழி சொன்னவர் நாற்காலியில் இருந்த மில் பெரியவர். முதலில் நம் வாழ்த்து, அடுத்து ‘சங்கே முழங்கு’. பாட்டு பாரதிதாசனுடையது, மெட்டு எம்.எஸ்.வி.யுடையது. 1965இல் வந்த ‘கலங்கரை விளக்கம்’ படத்தில் சீர்காழி கோவிந்தராஜனும் பி.சுசீலாவும் பாடியது. புதுவைக் கவிஞர் ஒருவருக்குக் கோடம்பாக்கம் போட்ட மெட்டு. அதே ஆண்டு ‘பஞ்சவர்ணக்கிளி’யிலும் பாரதிதாசன் பாட்டு ஒன்று வந்தது, ராமமூர்த்தியோடு சேர்ந்து போட்ட மெட்டில். இருவரும் பிரிந்த ஆண்டும் அதுதான். ராமமூர்த்தியே வயலின்காரர். பாட்டுக்கு முன் அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும் என்று வயலின் வாசிப்பவர் கேட்டுக்கொண்டார்.

பாட்டுக்கு முன்னால் சங்கு ஊத வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. கீபோர்டில் சங்கு ஒலியைத் தேடி எடுத்து அழுத்தினார்கள். பெரியவர் தலையாட்டினார். “இது கோயில் சங்கு. நான் சொல்றது மில்லுச் சங்கு. அடிவயித்துலேர்ந்து எழும்பி, மேல போய் நின்னு, அப்படியே இறங்கும்.” ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஊதிய அந்தச் சங்கை வைத்துத்தான் இந்தத் தெருக்களில் உலை வைத்தார்கள், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஒரு சங்குக்கும் அடுத்த சங்குக்கும் இடையில் எட்டு மணி நேரம்தான் வேலை என்பதும் சும்மா வந்ததில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுவை மில் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டுதான் எட்டு மணி நேரம் சட்டமானது.

கீபோர்டுக்காரர் கடைசிச் சுரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தியபடியே, ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தை மெல்ல மேலே தள்ளினார். சுரம் படி ஏறாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது, நின்றது, இறங்கியது. சந்தில் யாரோ ஒரு பெண்மணி வெளியே வந்து மாடியைப் பார்த்தார்.

“கொஞ்சம் மெதுவா ஏத்து தம்பி” என்றார் பெரியவர். ஐந்தாவது முறை எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்ன மண்டபம். இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, மாலை போட்ட படம், ஏழு மணிக்கு என்று போட்டு ஏழேகாலுக்குத் தொடக்கம். பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். எனவே இருபத்திரண்டு பாட்டுப் பட்டியலில் பதினெட்டுதான் தேறியது. மைக் செட்டுக்காரர் பாடகர்களின் ஒலியை ஏற்றிக்கொண்டே போனார், கீபோர்டுக்காரர் கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். பல்லவி முடிந்ததும் கைதட்டல், சரணம் முடிந்ததும் கைதட்டல். இடையிசை வரும்போது கூட்டம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசியது, செல்போனைத் தூக்கிப் பாடகியைப் படம் எடுத்தது. நானும் இத்தனை வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ சரணங்களில் மூச்சு வாங்கிக்கொண்டு இடையிசைகளில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘அவளுக்கென்ன’வில் அந்தக் கீழ் வரிசை வயலின், கீபோர்டின் இடது கையில், தெளிவாக நகர்ந்தது. அப்போது எனக்குக் கேட்டது.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடித்தார்கள். பாடகர்களைச் சுற்றி செல்ஃபிக் கூட்டம். மேடையில் வயர் சுருட்டும் வேலை. கவர்களில் பேமென்ட் கைமாறியது. தபேலாக்காரர் விரல்களில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தார். மில் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார். நேராகக் கீபோர்டுக்காரரிடம் போய் நின்றார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“ரெண்டாவது இடையில ஒரு இழ விட்டுப்போச்சு தம்பி.”

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து அந்த இடத்தைச் சீட்டியடித்துக் காட்டினார். நாலு சுரம் இறங்கும் இடத்தில் இவர் மூன்றுதான் வாசித்திருந்தார். தறிச் சத்தத்திலேயே அறுந்த இழையைக் கண்டுபிடித்துப் பழகிய காது.

கீபோர்டுக்காரர் முகத்தில் அன்று இரவு முழுக்க வராத சிரிப்பு அப்போது வந்தது. “இன்னொரு தடவ அடிங்கய்யா” என்றார். வேனில் ஏற்றுவதற்காகக் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, லாங் சைஸ் நோட்டைத் தேடி எடுத்தார். பெரியவர் மறுபடியும் சீட்டியடித்தார். மண்டபக் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வர, செல்போன் வெளிச்சத்தில், நீல மையில், அந்த நாலாவது சுரத்தை எழுதிக் காலில் ஒரு புள்ளி வைத்தார்.